சிவப்பு, வெள்ளை அந்திமந்தாரையைக் கலந்தால் இளஞ்சிவப்பு ஏன்? பட்டாணியில் இப்படி வருவதில்லையே?

ஒரு மரபணுவின் மாற்று வடிவம்தான் அல்லீல்; ஒவ்வொரு செடியிலும் இரண்டு இருக்கும். பட்டாணியில் ஊதா அல்லீல் ஒன்று இருந்தாலே பூ முழு ஊதாதான். ஊதா ஓங்கு பண்பு; அதனுடன் இருக்கும் வெள்ளை, அதாவது ஒடுங்கு பண்பு, வெளியே தெரியாது. அந்திமந்தாரையில் ஒற்றைச் சிவப்பு அல்லீல் தரும் நிறமி முழுச் சிவப்புக்குப் போதாது. இதுதான் முழுமையற்ற ஓங்குதன்மை.

நிறங்கள் கரைந்து ஒன்றாகிவிட்டதாக நினைப்பதே பலர் செய்யும் தவறு. இளஞ்சிவப்புச் செடியைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, விதைகளை முளைக்க வையுங்கள். 1 சிவப்பு, 2 இளஞ்சிவப்பு, 1 வெள்ளை என்ற விகிதத்தில் பூக்கும். அல்லீல்கள் சிதையவே இல்லை! 10 செடிகளில் இந்தக் கணக்கு பிசகலாம். 100 வளர்த்தால் நெருங்கி வரும்.

ஏபி ரத்த வகை இன்னொரு விதம், இணை ஓங்குதன்மை. சிவப்பணுவின் மேல் ஏ, பி ஆன்டிஜென்கள் (ரத்த வகையைக் காட்டும் அடையாள மூலக்கூறுகள்) இரண்டுமே தனித்தனியாக இருக்கும். அதே மரபணுவின் ஓ அல்லீல் ஒடுங்கியது. ஆனாலும் ஓ வகையினர் ஏராளம். ஓங்கு பண்புதான் அதிகம் பரவும் என்பதில்லை.