பட்டறைப் பதில்கள்: ‘கடக்’ சத்தம் எங்கிருந்து?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் என் பிக்கப், வேகத்தடையில் முன்னால் ‘கடக்’ என்கிறது. இடது கீழ் பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) போய்விட்டதாம். ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: அதற்கு முன்னால், போயிருப்பது அதுதானா என்று பாருங்கள். உங்களுடையது, முன் சக்கரத்தை மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்கள் பிடித்து, சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கும் டபுள் விஷ்போன் வண்டி என்றால், பாரம் முழுக்கக் கீழ் ஜாயின்ட் மேல்தான். ஜாக்கியைச் சேஸில் கொடுத்தால் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஆட்டம் தெரியாது. கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லையா, ஜாயின்ட் பக்கம் பாருங்கள். ஜாயின்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு இருந்தால் அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை.

கீழ் ஜாயின்ட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடது ஓடிய அதே குழியில்தானே வலதும் ஓடியது! மேல் ஜாயின்டில் ஆட்டமில்லை என்றால் கை வைக்க வேண்டாம். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். நட்டின் வெட்டு, காட்டர் பின் போகும் துளைக்கு நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்துவார்கள், விடாதீர்கள். இறுக்கித்தான் நேராக்க வேண்டும். முடிந்ததும் அலைன்மென்ட்.

அதுவரை லோடு ஏற்றாதீர்கள். ஜாயின்ட் கழன்று சக்கரம் மடங்கிய வண்டியை நான் சாலையோரத்தில் தூக்கியிருக்கிறேன். ஃபெண்டரும் பிரேக் ஹோஸும் சேர்ந்தே போயிருந்தன.