நோயாளிகள் சேராமல் தடுமாறும் மருத்துவ ஆய்வை மீட்க எங்கிருந்து தொடங்குவது?

ஆறு மாதமாகியும் எதிர்பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூடச் சேரவில்லை என்றும், ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளாகப் புதிய மையங்களைத் திறப்பதா, விளம்பரம் செய்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் சற்று ஒத்திவைத்துவிட்டு, ஸ்கிரீனிங் பதிவேட்டை, அதாவது ஆய்வுக்குத் தகுதியானவரா என்று பார்க்கப்பட்ட ஒவ்வொருவரையும், சேர்க்காவிட்டால் அதன் காரணத்தையும் குறிக்கும் ஏட்டை, கையில் எடுங்கள்.

நான் பணியாற்றிய ஒரு நீரிழிவு ஆய்வில், நோயாளிகளே வருவதில்லை என்றுதான் நாங்களும் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாலை அந்தப் பதிவேட்டை வரிவரியாகப் படித்தபோது, சேர்க்காததற்கான காரணம் எழுதும் கட்டத்தில் "கிரியேட்டினின் வரம்புக்கு மேல்" என்ற ஒரே சொற்றொடர் வெவ்வேறு கையெழுத்துகளில் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. (கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதைக் காட்டும் ரத்த அளவு.) அந்த வரம்போ, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் வேறொரு மருந்துக்காக எழுதப்பட்ட பழைய ஆய்வுத் திட்டத்திலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. எங்கள் மருந்துக்கு அவ்வளவு கடுமை தேவைப்படவில்லை. பாதுகாப்புத் தரவுகளை முன்வைத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் அதைத் திருத்திய பிறகே சேர்க்கை நகரத் தொடங்கியது. (ஒப்புதல் வரும் முன்னர் ஒருவரைக்கூட விதிவிலக்காகச் சேர்த்துவிடாதீர்கள்.)

பதிவேட்டில் தகுதியுள்ளவர்கள் நிறைய இருந்தும் அவர்கள் மறுக்கிறார்கள் என்றால், சிக்கல் பேச்சில் இருக்கிறது. பிரிட்டனில் புராஸ்டேட் புற்றுநோய்க்காக நடந்த புராடெக்ட் ஆய்வில், ஆய்வாளர் ஜென்னி டோனவன் குழுவினர் நோயாளிகளுடனான உரையாடல்களை அனுமதியுடன் ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு மூன்றாவது வழியாகச் சொல்லப்பட்ட "காத்திருந்து பார்த்தல்" என்பதை, சிகிச்சையே தராமல் கைவிடுவதாக நோயாளிகள் புரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. அதைத் தொடர் கண்காணிப்பு என்று பெயர் மாற்றி, என்னென்ன பரிசோதனைகள் எப்போது நடக்கும் என்பதை விளக்கி, மூன்று வழிகளையும் சமமாக எடுத்துரைத்த பிறகு, குலுக்கல் முறையில் சிகிச்சை ஒதுக்கப்படுவதற்கு இசைந்தவர்களின் பங்கு ஓராண்டில், அதாவது 2000 மே முதல் 2001 மே வரைக்குள், 40 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்ந்தது. யாரையும் வற்புறுத்தவில்லை; புரியும்படி சொன்னார்கள், அவ்வளவே. உங்கள் மையங்களிலும் பத்து உரையாடல்களையாவது, நோயாளிகளின் இசைவோடு, உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்து, ஆய்வு நோயாளியிடம் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். கோவிட் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெக்கவரி ஆய்வு 2020 மார்ச்சில் முதல் நோயாளியைச் சேர்த்து, ஜூன் மாதத்திலேயே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களின் உயிர்காக்கும் என்று காட்டியது. நோய் பரவிய வேகமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் சுருக்கமான படிவமும், வழக்கமான சிகிச்சையோடு ஒட்டிப்போன நடைமுறையும் இல்லாமல், ஓய்வின்றி உழைத்த வார்டு ஊழியர்களால் அத்தனை பேரைச் சேர்த்திருக்க முடியாது. ஆய்வு முக்கியமாக அளக்க விரும்பும் முதன்மை முடிவுக்கோ, நோயாளியின் பாதுகாப்புக்கோ உதவாத ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் ஒவ்வொரு கூடுதல் வருகையும் நீக்கத்தக்கவை.

இவ்வளவுக்குப் பிறகுதான் புதிய மையங்கள். ஒப்பந்தம், ஒப்புதல், பயிற்சி என்று பல மாதங்கள் ஓடிவிடும் என்பதோடு, பழைய வரம்பும் பழைய பேச்சும் அங்கும் அதே பலனைத்தான் தரும்.

அப்படியும் தேறாத ஆய்வுகள் உண்டு. ஆய்வின் தரவுகளையும் பாதுகாப்பையும் தனித்து நின்று கவனிக்கும் தரவுக் கண்காணிப்புக் குழுவோடு கலந்து, எந்த நாளுக்குள் எத்தனை பேர் சேராவிட்டால் நிறுத்துவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். நிறுத்த நேர்ந்தால், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குக் காரணத்தை நேரில் சொல்லி, அவர்களின் தொடர்சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, கிடைத்த தரவுகளை முழுமையாக வெளியிடுங்கள்.