இந்தப் படத்துக்கு எத்தனை ஸ்கிரீன்?

அன்புள்ள அம்மா,

விஸ்காம் முடித்த உங்கள் மகளிடம் திருப்பூரில் நடந்த நேர்காணலில் ஒரு புலிப் படத்தைக் காட்டி, "கறுப்பு டி-ஷர்ட்டில் இதை அடிக்க எத்தனை ஸ்கிரீன் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாமல் திரும்பியவள், இந்த வேலையே வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அவளுக்கு வரையத் தெரிகிறது. பிரிண்டிங் பட்டறையின் சொற்கள்தான் தெரியவில்லை. அவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் காசு கணக்குப் பார்த்து எடுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவைப் புரிந்துகொண்டால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் புலியையே எடுத்துக்கொள்வோம். ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதில் அடைக்காமல் விட்ட இடம் வழியாக மை சட்டையில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்றால் மூன்று. கறுப்பு வரிகளுக்குத் துணியின் கறுப்பே போதும். ஆனால் கறுப்புத் துணியில் ஆரஞ்சை நேரடியாக அடித்தால் நிறம் செத்துப்போகும். எனவே முதலில் அடியில் ஒரு வெள்ளை அடிப்பார்கள். இதுதான் அண்டர்பேஸ். ஆக நான்கு ஸ்கிரீன். அண்டர்பேஸின் ஓரம் மேல் நிறத்தைவிட மயிரிழை அளவு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புலியைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். அப்படி உள்ளே தள்ளுவதற்குச் சோக் என்று பெயர். அடிவெள்ளை அடுத்த மையோடு குழம்பாமல் இருக்கச் சில நொடி சூடு காட்டுவது ஃபிளாஷ். நான்கு ஸ்கிரீனும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவது ரெஜிஸ்ட்ரேஷன். நேர்காணலில் கேட்ட கேள்விக்குள் இவ்வளவும் இருந்தது.

ஆரஞ்சு மெல்ல மஞ்சளாக மாறும் இடத்துக்குத் தனி மை கிடையாது. அதைச் சிறு புள்ளிகளாக உடைப்பார்கள், அது ஹாஃப்டோன். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி வரிசை என்பது எல்பிஐ. டி-ஷர்ட்டுக்குப் பெரும்பாலும் 45 முதல் 55 வரை போதும். ஸ்கிரீன் துணியின் இழை எண்ணிக்கையான மெஷ், அந்த எண்ணைப்போல் நான்கைந்து மடங்கு இருந்தால்தான் புள்ளிகள் உடையாமல் விழும். மெஷ்ஷை அங்குலத்திலும் சொல்வார்கள், சென்டிமீட்டரிலும் சொல்வார்கள். சென்டிமீட்டரில் 43 என்பது அங்குலத்தில் ஏறக்குறைய 110. எந்தக் கணக்கு என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது.

மை விஷயத்தில்தான் தேர்ந்தவரும் புதியவரும் பிரிந்து தெரிவார்கள். டி-ஷர்ட்டில் அடிக்கும் பிளாஸ்டிக் கலந்த மையான பிளாஸ்டிசால் காற்றில் உலராது. வழக்கமான வகையை ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுகவைக்க வேண்டும். இதுதான் க்யூரிங். சூடு போதவில்லை என்றால், பிரிண்டை இரு கையாலும் இழுத்துப் பார்க்கும்போதே வெடிப்பு விடும். சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து அடித்தால், பெட்டியில் கிடக்கும்போதே அது இளஞ்சிவப்பாக மாறலாம். துணியின் சாயம் சூட்டில் கிளம்பி மைக்குள் ஏறிவிடுவதுதான் காரணம். டை மைக்ரேஷன் என்பார்கள். டிஸ்சார்ஜ் முறை பருத்தித் துணியில் உள்ள சாயத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நிறம் வைப்பது. தொட்டால் பிரிண்ட் இருப்பதே தெரியாது. ஆனால் பாலியஸ்டரில் அது பலிக்காது. துணி என்னவென்று கேட்காமல் டிசைனைத் தொடங்கும் பழக்கம் இந்தத் தொழிலுக்கு ஆகாது.

உடல்நலம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அவள் விண்ணப்பித்திருப்பது கணினியில் நிறம் பிரிக்கும் வேலைக்கு என்றாலும் பிரிண்டிங் நடக்கும் இடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் அடிக்கும் இடத்தில் நெடி அதிகம். காற்றை வெளியேற்றும் வசதி இருக்கிறதா, கையுறையும் முகக்கவசமும் தருகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஏற்றுமதித் தேதி நெருங்கினால் இரவு நேரமாகும் என்பதையும் தெரிந்தே சேரட்டும்.

படத்தை ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டால் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறை வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பத்து, இருபது சட்டைக்கு டிடிஎஃப் லாபம். ஸ்கிரீன் செய்யும் செலவு மிச்சம். ஒரே டிசைனில் ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது ஸ்கிரீன்தான் மலிவு. திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. முறையாகப் படிக்க விரும்பினால் அங்கே பின்னலாடை வடிவமைப்பு கற்றுத்தரும் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. ஆனால் என் கருத்தில் முதலில் ஒரு வருடம் வேலை. படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யட்டும். தான் வரைந்த படங்களில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் நிறமாகப் பிரித்து, அண்டர்பேஸும் சோக்கும் வைத்துத் தனித்தனித் தாளில் கறுப்பில் பிரிண்ட் எடுக்கட்டும். ஓரத்தில் பான்டோன் எண் (நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் குறியீடு), எல்பிஐ, மெஷ் மூன்றையும் எழுதட்டும். பான்டோனில் காகித அட்டைக்கு ஒரு வரிசையும் பருத்தித் துணிக்கு டிசிஎக்ஸ் என்ற வேறு வரிசையும் உண்டு. எதைப் பார்த்து எழுதினாள் என்பதையும் குறிக்க வேண்டும். அருகில் உள்ள சிறு பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு, அவற்றில் ஒன்றுக்காவது ஸ்ட்ரைக்-ஆஃப் எனப்படும் மாதிரி அடித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அந்தத் தாள்களோடு அதே நிறுவனத்துக்கே மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்த முறை படத்தைக் காட்டினால், பதில் சொல்வதற்கு முன் அவளே கேட்கட்டும்: என்ன துணி, எத்தனை பீஸ், எந்த மை?