மலக்குடல் ஜெல் ஆய்வில் இணையராகச் சேருவது பற்றி

எச்ஐவி தடுப்பு ஜெல்லின் பாதுகாப்பு ஆய்வுக்கு உங்களையும் உங்கள் இணையரையும் அழைத்திருப்பதாகவும், அது மலக்குடலைப் புண்ணாக்குமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் வீணானதன்று. தொற்றைத் தடுக்குமென்று ஒருகாலத்தில் நம்பப்பட்ட நொனாக்ஸினால்-9 என்னும் விந்தணுக்கொல்லி, மலக்குடலின் மெல்லிய உட்சவ்வையே உரித்துவிட்டது. யோனிக்கென உருவான, டெனோஃபோவிர் என்னும் எச்ஐவி மருந்து கலந்த ஜெல்லை மலக்குடலில் பயன்படுத்தியபோது வயிற்றோட்டமும் வயிற்றுவலியும் வந்தன. அந்த ஜெல்லில் இருந்த, திசுக்களிலிருந்து நீரை இழுக்கும் கிளிசரின்மீதே ஐயம் விழுந்தது. கிளிசரினைக் குறைத்த ஜெல்லை அமெரிக்கா, தாய்லாந்து, பெரு, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 195 பேரிடம் எம்டிஎன்-017 ஆய்வு சோதித்து, பாதுகாப்பானதென்று கண்டது. ஆனால் பாதுகாப்பு வேறு, தடுக்கும் திறன் வேறு. எனவே ஆய்வுக் காலத்தில் ஆணுறையையோ பிரெப் என்னும் எச்ஐவி தடுப்பு மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன், ஜெல்லில் மருந்தைத் தவிர வேறென்ன இருக்கிறது, திசு மாதிரி எத்தனை முறை எடுப்பார்கள், உங்களில் ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா என்று இருவரும் தனித்தனியே கேளுங்கள்.