கிராம ஊராட்சி எந்தப் பிரச்சினைகளைத் தீர்க்கும்? கிராம சபையில் சொன்னால் நடக்குமா?

உங்கள் தெருவில் கழிவுநீர் தேங்குவதை இரண்டு கிராம சபைகளில் எழுந்து சொல்லியிருக்கிறீர்கள். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் இந்த ஊராட்சி எதைத்தான் செய்யும், கிராம சபைக்குப் போய் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்னால் பல வருடம் உங்களைப் போலவே கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கிராம சபையில் பேசியது எதுவும் தானாகத் தீர்மானம் ஆகிவிடாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சுக்கு ஓவர்சியர் (ஒன்றியத்துப் பணி மேற்பார்வையாளர்) எஸ்டிமேட் போட மாட்டார், பணம் ஒதுக்க மாட்டார்கள், ஏன் செய்யவில்லை என்று பிறகு யாரையும் கேட்கவும் முடியாது.

முதலில் எது ஊராட்சியின் வேலை என்பதைப் பார்ப்போம். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, சிறு பாலம், வடிகால், குப்பை அள்ளுவது, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, இடுகாடு. நூலகம், பூங்கா, விளையாட்டு மைதானம், சந்தை, மரம் நடுவது எல்லாம் அடுத்த பிரிவில் வருகின்றன. பணம் இருந்தால் செய்யலாம். உங்கள் சாக்கடை முதல் வகை. அதைச் செய்யுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல.

கட்டாயக் கடமைகளில் தலையாயது தண்ணீர். என்னுடைய ஐந்து வருடத்தில் பாதி தண்ணீருக்குத்தான் போனது. எங்கள் ஊரில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, நான்கு தெருக்கள். கடைசித் தெரு என் வார்டு. அங்கே குழாயில் காற்றுதான் வரும். பெண்கள் வாசலில் குழி தோண்டி, குழாயை முழங்கால் ஆழத்துக்கு இறக்கி, குழிக்குள் குனிந்து குடம் வைத்துப் பிடிப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் தேங்குகிற அழுக்குத் தண்ணீரிலேயே குழாய் முனை மூழ்கிக் கிடக்கும். "டேங்க்காரன் நம்ம தெருவுக்கு வேணும்னே அடைக்கிறான்த்தா" என்று ஓட்டுக் கேட்கப் போனபோதே எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பதவிக்கு வந்ததும் மூன்று நாள் விடியற்காலையில் டேங்க் ஆபரேட்டர் அண்ணனோடு கூடவே நடந்தேன். அவர் வால்வைத் திறந்ததும் தண்ணீர் நான்கு தெருவுக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. முதல் தெரு மேட்டில் இல்லை, தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பத்துப் பதினைந்து வீடுகளில் குழாயோடு நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். மிச்சம்தான் மற்ற தெருக்களுக்கு வரவேண்டும். அவர் அடைக்கவில்லை. அடைக்க அவரிடம் தனி வால்வே கிடையாது.

தெருவுக்கு ஒரு கேட் வால்வு, அவற்றைச் சுற்றிச் சின்னச் செங்கல் தொட்டி, மூடி. இவ்வளவுதான் தேவைப்பட்டது. கடைசித் தெருவுக்கு முதலில், மற்ற வால்வுகளை அடைத்துவிட்டு நாற்பது நிமிடம்; பிறகு ஒவ்வொரு தெருவாகத் தொட்டியை நோக்கி வரவேண்டும். முதல் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "டேங்க் எங்க தெருவுல இருக்கு, எங்களுக்குக் கடைசியாத் தண்ணியா?" என்று பெரியவர் ஒருவர் தலைவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முறையை எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பிறகு ஒரு மாதத்தில் அடங்கியது. மோட்டார் வைப்பதைத் தடைசெய்தும் ஒரு தீர்மானம் போட்டோம். அது பாதிதான் நடைமுறைக்கு வந்தது. சொந்தக்காரர் வீட்டு மோட்டாரைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. ஆனால் குழிகளை மூடிவிட்டார்கள். அதைப் பார்த்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

தண்ணீர் பற்றி இன்னொன்று. பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. எங்கள் தொட்டிக்கு 120 கிராம். அதைக் கைப்பிடி அளவில் அள்ளிப் போட்டால் முதல் தெருவில் வாடை தாங்காது, கடைசித் தெருவில் மருந்தே இருக்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். சோதிக்கிற சின்னப் பெட்டி ஊராட்சியில் இருக்கும். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் இவைதான் முக்கியமான சொந்த வருமானம். சின்ன ஊராட்சியில் இது சொற்பம். மாநில நிதி ஆணைய மானியமும் மத்திய நிதிக் குழு மானியமும் வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். 2021 முதல் 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் கட்டிவைத்துத்தான் கொடுத்தார்கள்: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. அதை எடுத்துக் கோயில் முன்னால் பேவர் பிளாக் போட முடியாது. அதே காரணத்தால், சாக்கடைக்குப் பணமே இல்லை என்று உங்களிடம் அந்த வருடங்களில் யாராவது சொல்லியிருந்தால், சுகாதாரத்துக்கென்று வந்த பங்கு எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம்.

செலவில் பெரியது கரண்ட் பில். மோட்டாரும் தெருவிளக்கும் தின்றுவிடும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி இதற்குத்தான் 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊருக்கு ஆகிற மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராம ஊராட்சி இவ்வளவு தூரம் யோசிக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய தெம்பு. எங்களால் எல்இடி மாற்ற மட்டும்தான் முடிந்தது.

எது ஊராட்சியின் வேலை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிராம சபையில் வரும் மனுக்களில் நிறைய பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு பற்றியவை. பட்டாவும் உதவித்தொகையும் வருவாய்த் துறை, ரேஷன் உணவு வழங்கல் துறை. ஊராட்சி பரிந்துரைக்கலாம், கொடுக்க முடியாது. தெருவிளக்கில் பல்பு ஊராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது. பல்பு எரியாவிட்டால் ஊராட்சிச் செயலரிடம், கம்பம் சாய்ந்தால் மின்வாரியத்திடம். கண்மாய் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளதென்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், ஊருணியும் குளமும் கிராம ஊராட்சி. சாலையிலும் நெடுஞ்சாலைத் துறை, ஒன்றியம், ஊராட்சி என்று மூன்று சொந்தக்காரர்கள். தவறான கதவைத் தட்டியே வருடங்கள் போய்விடும்.

இரண்டு கதவையும் சேர்த்துத் தட்ட வேண்டிய காரியமும் உண்டு. என் வார்டுச் சனங்களின் சுடுகாட்டுப் பாதை அப்படிப்பட்டது. சுடுகாடு ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் பாதை பாதியில் வயலுக்குள் மறைந்துவிடும். மழைக்காலத்தில் பாடையை வரப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 2021 மழையில் எங்கள் தெரு அப்பத்தா ஒருத்தியை இடுப்பளவு தண்ணீரில் நான்கு பையன்கள் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கொண்டு போனார்கள். ஒருவன் கால் இடறினான். அந்த நேரத்தில் வரப்பில் நின்ற அவள் மகள் போட்ட சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

"அது பட்டா நிலம், நாம என்ன செய்ய முடியும்?" என்றுதான் அதுவரை எல்லாத் தலைவர்களும் சொல்லி வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். பார்த்தால் வண்டிப் பாதை என்றே கோடு போட்டிருக்கிறது, தனிப் புல எண்ணோடு (சர்வே நம்பர்). அந்தப் பாதைப் புறம்போக்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உழுது சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புல எண்ணைக் குறிப்பிட்டு, அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று கிராம சபைத் தீர்மானம் போட்டோம். அந்த நகலை இணைத்து வட்டாட்சியருக்கு மனு, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கு மனு. இரண்டு வருடம் ஆனது. கல் ஊன்றினார்கள். பிறகு ஊராட்சி அதில் கிராவல் அடித்தது.

நிலத்தை விட்டவர்களுக்கும் பாதை கேட்டவர்களுக்கும் இடையில் சாதி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவள் ஆவேன். எங்களுக்கு அடுத்த மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996-இலிருந்து பத்து வருடம் ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்கவில்லை, 2006-இல்தான் நடந்தது. 1997-இல் அதே மாவட்டத்து மேலவளவில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது, எந்தத் தெருவில் சாக்கடை தேங்குகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் அது மேடு பள்ளத்தால் மட்டும் வந்ததல்ல. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகும் தலைவர் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உறுப்பினர் கூட்டத்தில் "அண்ணே, நீங்க வெளியில இருங்க, மதினி பேசட்டும்" என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு அந்த அண்ணன் ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார். பரவாயில்லை, மதினி பேசினார்.

இப்போது உங்கள் சாக்கடை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். புதிய வேலைக்கு அக்டோபர் 2 முக்கியம். அடுத்த வருட ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் என்னென்ன சேரும் என்பது அதை ஒட்டித்தான் முடிவாகும். அதில் இல்லாத வேலைக்குப் பிறகு பணம் தேடுவது கஷ்டம். கூட்டத்துக்கு முன்பே செயலரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். "எங்க தெருவுல சாக்கடை சரியில்லை" என்று எழுதாதீர்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று எழுதுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லாமல்தான் பல சாக்கடைகள் பாழாகின்றன. போய்ச் சேர இடம் இல்லாமல் வாய்க்கால் மட்டும் கட்டினால் அது நீளமான கொசுத் தொட்டி. ஊருணியில் கொண்டுபோய் விடுவது அதைவிட மோசம். வடிய இடமே இல்லாத தெரு என்றால் வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழியும் தெரு முனையில் ஒரு சமுதாய உறிஞ்சு குழியும் கேளுங்கள். எங்கள் ஊரில் நூறு நாள் வேலையில் போட்டோம். களிமண் பூமியாக இருந்தால் உறிஞ்சாது. முன்பே ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கூட்டத்துக்குத் தெருவே சேர்ந்து போங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். ஆள் சேர்க்க அலைகிற இடத்தில் முப்பது பேராக வருகிற தெருவுக்கு மரியாதை தானாக வரும். வருகைக் கையெழுத்தை வாசலிலேயே வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு நிதானமாக எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் தீர்மானத்தைக் கூட்டம் கலைவதற்கு முன்னால் எழுதச் சொல்லி, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். உங்கள் ஊரிலும் அப்படி என்றால் தீர்மான எண்ணோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பாருங்கள். ஊராட்சிகளைப் பார்ப்பவர் தனி, ஒன்றியத்தைப் பார்ப்பவர் தனி; "கிராம ஊராட்சி" என்று பலகை உள்ள அறைக்குப் போகவும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: இந்தத் தீர்மானத்தின் நகல், இதன் மேல் எடுத்த நடவடிக்கை. என் வார்டில் எஸ்டிமேட் போட ஓவர்சியர் டேப்போடு வந்து இறங்கியது பெரும்பாலும் இந்தக் காகிதம் போன பிறகுதான்.