தாத்தா பேரிலேயே நிற்கும் வீடு: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு வக்கீல் ஆபீஸில் 28 வருஷம் இறந்தவர் சொத்துக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். போன மாதம் கோயில் கூட்டத்தில் நான் பேசிய பிறகு எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகள் இவை.

சாட்ஸ்வர்த் தம்பி: அக்கா, வீடு இன்னும் தாத்தா பேரில்தான். அவர் 1996-ல் போய்விட்டார், அப்பா 2015-ல். ரெண்டு அத்தை இருக்காங்க, பாட்டியும் அம்மாவும் அவங்களுக்கு முன்னாலேயே போயிட்டாங்க. ரேட்ஸ், அதான் நகராட்சி வரி, கட்டுறது நான்தான். விக்க முடியுமா?

ரேட்ஸ் ரசீது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது பட்டா ஆகாது தம்பி. நிறவெறிக் காலத்தில் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பிவிடப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்த தலைமுறைக்கு, வீடு கிடைத்ததே பெரிய விஷயம். காகிதத்தை யார் பார்த்தார்கள்?

ரெண்டு சாவு, ரெண்டு கோப்பு. ஒரு சாவை 14 நாளுக்குள் மாஸ்டர் ஆபீஸுக்கு, அதாவது இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற அதிகாரியின் அலுவலகத்துக்கு, தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முப்பது வருஷம் தாமதமானாலும் கோப்பைத் திறக்கலாம், திறந்தே ஆக வேண்டும். தாத்தா உயில் எழுதவில்லை என்றால் அவர் சொத்து உன் அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் சம பங்கு. "கட்டிக்கொடுத்தாச்சு" என்ற பேச்சு இங்கே எடுபடாது. அப்பாவின் மூன்றில் ஒன்று அவருடைய கோப்பு வழியாகத்தான் உனக்கு வரும்.

அத்தைகள் "உனக்கே இருக்கட்டும்டா" என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்கு. வாரிசுகள் தங்களுக்குள் பங்கை மாற்றிக்கொள்ள முறையான உடன்படிக்கை இருக்கிறது. விற்பதுதான் முடிவு என்றால், வாரிசுகள் எல்லோரும் ஒப்புக்கொண்டு மாஸ்டரும் சம்மதித்தால் தாத்தாவின் எஸ்டேட்டிலிருந்தே (அவர் விட்டுப்போன சொத்திலிருந்தே) நேராக விற்கலாம். நடுவில் உன் பேருக்கு மாற்றும் செலவு மிச்சம். எப்படியானாலும் நகராட்சி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எதுவும் நகராது.

முதலில் அத்தைகள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வா. வக்கீலை அப்புறம் பார்.

ஃபீனிக்ஸ் சகோதரி: கோயிலில் தாலி கட்டி 19 வருஷம். ரிஜிஸ்டர் பண்ணலை. அவர் உயில் இல்லாமல் இறந்துட்டார். "நீ சட்டப்படி மனைவியே இல்லை"ன்னு கொழுந்தன் சொல்றார்.

கொழுந்தனுக்குப் பழைய சட்டம்தான் தெரியும் போலிருக்கிறது. இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவியும், உயில் இல்லாத சொத்தைப் பொறுத்தவரை மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது.

ஆனால் ரிஜிஸ்டர் இல்லாத குறை இன்னொரு இடத்தில் கடிக்கும். அவர் பேரில் 9,00,000 ராண்ட் சொத்து, ரெண்டு பிள்ளை என்று வைத்துக்கொள். மூன்று பேருக்கும் மும்மூன்று லட்சம். இதே கல்யாணம் ரிஜிஸ்டர் ஆகி, தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால், சொத்து ரெண்டு பேருக்கும் பொது, அதனால் பாதி முதலிலேயே உன்னுடையது. மீதி 4,50,000-ல் பிள்ளைப் பங்கு 1,50,000 மட்டுமே, அதனால் உனக்கு 2,50,000. மொத்தம் ஏழு லட்சம். ஒரு கையெழுத்தின் விலை நாலு லட்சம் ராண்ட். உன் மகளுக்குக் கல்யாணம் பண்ணும்போது, ஐயர் திருமணப் பதிவு அதிகாரியா என்று கேட்டுவிட்டு நாள் குறி.

டோங்காட் பெரியவர்: வீடு மகளுக்கு. உயிலில் சாட்சிக் கையெழுத்தை அவளே போடலாமா?

வேண்டாம் ஐயா. பங்கு வாங்குகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கே பறிபோகலாம். 14 வயதைத் தாண்டிய, சம்பந்தமில்லாத ரெண்டு பேர் போதும். ஒரே நேரத்தில் எல்லோரும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் ஒவ்வொரு பக்கத்திலும். எங்கள் அப்பா ரெண்டு பக்க உயிலில் முதல் பக்கத்தில் கையெழுத்து விட்டுவிட்டார். பிஸ்கட் டின்னில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அதைச் சரிசெய்ய நாங்கள் கோர்ட் வரை போனோம். இத்தனைக்கும் மகள் வேலை பார்த்தது வக்கீல் ஆபீஸில்!

லெனேசியா கடைக்காரர்: சொத்தையெல்லாம் ஒரு குடும்ப டிரஸ்ட் (அறக்கட்டளை) பேரில் வைக்கச் சொல்றாங்க. தேவையா?

ஒரு வீடு, ஒரு கடைக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எஸ்டேட் வரி 35 லட்சம் ராண்டுக்கு மேல்தான், அதுவும் 20 சதவீதம். மனைவிக்கு விட்டுப்போவதற்கு அந்த வரியே இல்லை, நீங்கள் பயன்படுத்தாத 35 லட்சம் விலக்கும் அவருடைய விலக்கோடு சேர்ந்து, அவர் இறக்கும்போது 70 லட்சம் ஆகும். டிரஸ்டிலேயே தங்கும் வருமானத்துக்கோ 45 சதவீத வரி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும், இறந்த பிறகு தொடங்கும் டிரஸ்டை உயிலிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பணம் 18 வயது வரை மாஸ்டரின் கார்டியன்ஸ் ஃபண்டில் (சிறார் பணத்தைக் காக்கும் நிதியில்) போய் உட்காரும்.

மெரிபேங்க் வாசகி: எக்சிகியூட்டர் (இறந்தவர் சொத்தைப் பைசல் பண்ணுகிறவர்) சொத்து மதிப்பில் 3.5 சதவீதம் கேட்கிறாரே?

அது மேல்வரம்பு. பேரம் பேசலாம். கடனைக் கழிக்காமல் கணக்கிடுவார்கள்: 12 லட்சம் ராண்ட் வீட்டில் 8 லட்சம் பாங்கு கடன் இருந்தாலும் கட்டணம் 42,000. உயில் எழுதும்போதே பேசி, எழுதி வாங்குங்கள்.

பேர் சொல்லாத ஒருவர்: விவாகரத்து ஆகி ஒரு வருஷம். உயில் பழசு, எல்லாம் அவள் பேருக்கு.

விவாகரத்துக்குப் பிறகு மூன்று மாதம்தான் சட்டம் உங்களைக் காப்பாற்றும், அதற்குள் நீங்கள் இறந்திருந்தால் முன்னாள் மனைவிக்கு எதுவும் போயிருக்காது. அது எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைய தேதியில் எல்லாம் அவருக்குத்தான்.