மாதம் 1,47,000 ரூபாய் வருமானம்: நாங்கள் நடுத்தரக் குடும்பமா?

கேள்வி: நானும் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். பிடித்தம் போக அவருக்கு 95,000 ரூபாயும் எனக்கு 52,000 ரூபாயும் கைக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். கடன் வாங்கி அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் கணவரின் அண்ணன், மகளின் கல்லூரிச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கேட்டார். "நாங்களே நடுத்தரக் குடும்பம், அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது" என்று கணவர் சொல்லிவிட்டார். அதே வாரத்தில், "நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம்" என்று ஒரு சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில் 50,000 ரூபாய் முன்பணம் கட்டி வந்தார். இப்போதைய பள்ளியைவிட அங்கே ஆண்டுக்கு 3,20,000 ரூபாய் கூடுதல். ஊரில் எங்களைப் பணக்காரர்கள் என்கிறார்கள். எனக்கோ 20ஆம் தேதி தாண்டினால் பயம் வந்துவிடுகிறது. நாங்கள் எந்த வர்க்கம்? பள்ளியை மாற்றலாமா? அண்ணனுக்குப் பணம் கொடுக்கலாமா? வரவு செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கோவை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, பள்ளியை மாற்ற வேண்டாம். அண்ணன் கேட்ட 2 லட்சத்தைக் கைமாற்றாகக் கொடுக்கும் நிலையிலும் நீங்கள் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் படிப்புக்கு உதவ வழி இருக்கிறது, அதைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இந்த முடிவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல, நீங்கள் முதலில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

"நாங்கள் நடுத்தரம்" என்று உங்கள் கணவர் அண்ணனிடம் சொன்னபோது, எங்களிடம் பணம் இல்லை என்று பொருள். பள்ளியில் முன்பணம் கட்டும்போது அதே நடுத்தரம், எங்களுக்கும் ஒரு தகுதி இருக்கிறது என்று பொருள்பட்டது. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. என்னிடம் வரும் குடும்பங்களில் மாதம் 30,000 ரூபாய் வாங்குபவரும் தம்மை நடுத்தரம் என்கிறார், 3 லட்சம் வாங்குபவரும் அப்படியே சொல்கிறார். உங்கள் கணவரின் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், அவரும் அதையே சொல்லக்கூடும். ஒருவர் யாருக்கு அருகில் நின்று தம்மை அளக்கிறாரோ, அதைப் பொறுத்தே இந்தச் சொல் வாயில் வருகிறது. உங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது நீங்கள் இல்லாதவர்கள். தறிக்கூடத்து வாசலில் போய் இறங்கும்போது நீங்கள் இருப்பவர்கள். இரண்டு இடத்திலும் உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பது, கையிருப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே 90,000 ரூபாய்தான்.

அரசாங்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு துறையும் ஒரு கோட்டைக் காட்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வருமான வரம்பு 2.5 லட்சம். அதோடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குமேல் மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு இல்லை, கார் இருந்தாலும் இல்லை என்றார்கள். எனக்கு இந்த அளவுகோல் பிடித்திருந்தது. வாயால் சொல்லும் வருமானத்தை நம்பாமல் வீட்டில் ஓடும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கிறது அது. நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2024இல் புதுப்பிக்கப்பட்டபோது 6 முதல் 9 லட்சம் வரை சம்பாதிப்பவர்களை நடுத்தர வருவாய்ப் பிரிவு என்றார்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டில், 8 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் நலிந்தவர்கள். ஒரே குடும்பம் ஓரிடத்தில் நலிந்ததாகவும் இன்னோரிடத்தில் நடுத்தரமாகவும் இருக்க முடிகிறது! 2025 பட்ஜெட்டில் நடுத்தர மக்களுக்குச் சலுகை என்று அறிவித்து, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லாமல் செய்தார்கள்.

ஆய்வு நிறுவனங்களில் பலரும் எடுத்துக்காட்டுவது 'பிரைஸ்' அமைப்பின் கணக்கு. 2020-21 விலைவாசிப்படி ஆண்டுக்கு 5 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை சம்பாதிக்கும் குடும்பம் நடுத்தர வர்க்கம் என்கிறது அது. அந்த ஆண்டில் மக்கள்தொகையில் 31 சதவீதம் பேர் அதில் அடங்கினார்கள். உங்கள் கைக்கு வருவது ஆண்டுக்கு 17,64,000 ரூபாய். நீங்கள் அதன் நடுவில் நிற்கிறீர்கள். 5 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் ஒரே பெயர் என்றால், அந்தப் பெயரைக் கொண்டு ஒரு செலவையும் தீர்மானிக்க முடியாது என்பது தெரிகிறது அல்லவா?

செலவை வைத்தும் பார்த்தேன். தவணைகளையும் சீட்டையும் கழித்துவிட்டால் உங்கள் வீட்டின் மாதச் செலவு 68,700 ரூபாய், ஆளுக்குச் சுமார் 13,700. 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். மேல்தட்டு 5 சதவீதத்தினரின் சராசரி 20,310. சராசரி நகரவாசியைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவழிக்கிறீர்கள், ஆனால் உச்சிக்குப் போய்விடவில்லை. ஊரார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

பிறகு ஏன் 20ஆம் தேதிக்குமேல் பயம்? உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை 42,000. கார் தவணை 14,500. கிரெடிட் கார்டில் வாங்கிய கைபேசிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 8,500. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 21,700. மளிகை, பால், காய்கறி 20,000. மின்சாரம், பராமரிப்புக் கட்டணம், இணையம் 9,000. பெட்ரோல் 8,000. மாமியாரின் மருந்து 4,000. சீட்டு 10,000. மொய், செய்முறை, பண்டிகைக்கு 6,000. மொத்தம் 1,43,700. மிச்சம் 3,300 ரூபாய்.

இதில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கிரகப்பிரவேசச் செலவுக்கு 12 பவுனை அடகு வைத்து 2,80,000 ரூபாய் வாங்கியதாகக் கடிதத்தின் வேறோர் இடத்தில் சொல்கிறீர்கள். 9 சதவீத வட்டியில் அதற்கு ஆண்டுக்கு 25,200, மாதத்துக்கு 2,100. வருடத்துக்கு ஒருமுறை கட்டிப் புதுப்பிப்பதால் மாதப் பட்டியலில் வரவில்லை. அதையும் சேர்த்தால் மிச்சம் 1,200 ரூபாய். உங்கள் கணவரின் சம்பளம் ஒரு மாதம் நின்றால் வீட்டில் விழும் துண்டு 93,800 ரூபாய். கையிருப்பு 90,000. ஒரு மாதம்கூடத் தாங்காது.

அண்ணனின் நிலையையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு தறி, கூலிக்கு நெசவு, நல்ல மாதத்தில் 35,000 ரூபாய். பரம்பரை வீடு, அரை ஏக்கர் நிலம், கடன் இல்லை. நெய்வதற்குப் பாவு நூல் வராத மாதங்களில் அவர் படும் கஷ்டம் பெரியது. அவரை வசதியானவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருமானம் நின்றால், தலைக்குமேல் இருக்கும் கூரைக்கு அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வருமானம் அவரைப்போல் நான்கு மடங்கு, சொந்தமாக நிற்கும் சொத்தோ மிகக் குறைவு. வர்க்கம் என்று ஒன்றை அளந்தே ஆக வேண்டுமானால், மாதம் எவ்வளவு வருகிறது என்பதோடு, வருவது நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் அளப்பேன். அந்தக் கணக்கில் நீங்கள் மெல்லிய இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அதை நீங்கள் ஒரு வர்க்கப் பெயரால் விளக்க முயன்றிருக்கிறீர்கள்.

அதனால்தான் பள்ளி வேண்டாம் என்கிறேன். 3,20,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 26,667. இருப்பது 1,200. மீதியைக் கிரெடிட் கார்டிலிருந்தோ மிச்ச நகையிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். இப்போதைய பள்ளியில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன? முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வகுப்பு தொடங்கும் முன் எழுத்து மூலம் கேட்டால் முழுதாகவோ பாதியாகவோ கிடைக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பணம் வந்தால், அண்ணன் மகளின் முதல் ஆண்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுங்கள். கடனாக வேண்டாம், தறிக்கூலியில் அவரால் திருப்பித் தர முடியாது, உறவும் கெடும். மீதித் தொகைக்கு வேறு வழிகள் உண்டு. அந்தப் பெண் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அவருக்கு இடம் கிடைத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் என்றால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கும். இரண்டும் இல்லையென்றால் வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது: 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விப் படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அண்ணனின் வருமானம் அந்தக் கோட்டுக்குள் வருகிறது. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றுக்கும் வங்கிப் படிவத்துக்கும் உங்கள் கணவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து உடன் அலைந்தால், இப்போதைக்கு அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இனி உங்கள் வீடு. 5 லட்ச ரூபாய்ச் சீட்டில் இன்னும் 14 தவணை பாக்கி, நீங்கள் இதுவரை எடுக்கவில்லை. நடத்துபவர் சீட்டைப் பதிவு செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கடைசிக் கட்டம் என்பதால் ஏலத்தில் தள்ளும் தொகை குறைவாகத்தான் இருக்கும். அடுத்த சில மாதங்களுக்குள் எடுத்து, முதல் வேலையாக 12 பவுனையும் மீட்டுவிடுங்கள். மிச்சத்தை வைப்புநிதியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வட்டி மிச்சம் மாதம் 2,100. கிரெடிட் கார்டுத் தவணைகள் ஐந்து மாதத்தில் முடிகின்றன. அதன்பின் மாதம் 8,500 கைக்கு வரும். அந்த இடத்தில் புதிய தவணை எதையும் வைக்காதீர்கள். 14 மாதம் கழித்துச் சீட்டுப் பணம் 10,000 விடுபடும்போது அது முழுவதும் கையிருப்புக்குப் போக வேண்டும், ஆறு மாதச் செலவு சேரும்வரை.

கணவருக்கு 38 வயது, 48 லட்சம் வீட்டுக்கடன், டேர்ம் இன்சூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது. ஒரு கோடிக்குக் குறையாமல் அவருக்கும், அதில் பாதியாவது உங்களுக்கும் இந்த மாதமே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை முகவர் எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

அலுவலக மருத்துவக் காப்பீடு 3 லட்சம், அதிலும் மாமியார் இல்லை. அந்த 3 லட்சத்துக்குமேல் பயன் தரும் சூப்பர் டாப்-அப் பாலிசி உங்கள் நால்வருக்கும் போதும், செலவும் குறைவு. மாமியாருக்குத் தனிப் பாலிசி தேவை. 66 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்பதால் பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கும். கிரெடிட் கார்டுத் தவணை முடிந்ததும் அந்தப் பணத்தில் கட்டலாம். 2024 விதிகளின்படி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். விண்ணப்பத்தில் இரண்டு நோயையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள்.